பாய்லர்காரர் வீட்டு கீசர்

ஏசி, கீசர் சர்வீஸ் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற தம்பிகளுக்கும், இப்போது அங்கொருவர் இங்கொருவராக வரத் தொடங்கியிருக்கிற தங்கச்சிகளுக்கும் லூர்து எழுதுவது. கேஸ் எப்படிப் போடுவது, கெபாசிட்டர் எப்படி மாற்றுவது என்றெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அதை ஐடிஐயில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். மிச்சத்தை செல்போனில் வீடியோ பார்த்துப் பிடித்துக்கொள்வீர்கள். என்னைவிட நன்றாகவே செய்வீர்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. நான் சொல்ல வந்தது நெய்வேலியில் வேலை செய்வதைப் பற்றி மட்டும்தான்.

மற்ற ஊர்களில் மெஷின் கெட்டுப்போனதும் மெக்கானிக்கைக் கூப்பிடுவார்கள். நெய்வேலியில் வீட்டுக்காரர் அதை ரிப்பேர் செய்து முடித்த பிறகுதான் கூப்பிடுவார்கள். டவுன்ஷிப்பில் எந்த பிளாக்கில் எந்தக் கதவைத் தட்டினாலும் உள்ளே ஒரு நிபுணர் இருப்பார். ஒருவர் டர்பைன், ஒருவர் பாய்லர், ஒருவர் மைன்ஸில் கன்வேயர், இன்னொருவர் எலக்ட்ரிக்கல். மாடிவீடு உயரத்துக்கு இருக்கிற மெஷினோடு மல்லுக்கட்டிவிட்டு ஷிப்ட் முடிந்து வருகிற மனுஷருக்கு, ஜன்னலில் உட்கார்ந்திருக்கிற ஏசி ஒரு பொருட்டா? "இதென்ன பெரிய விஷயம்" என்று ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவிடுவார். அவருக்கு மெஷின் தெரியாது என்று சொல்ல முடியாது. நன்றாகவே தெரியும். நமக்குத் தொல்லையே அதுதான்.

மைன்ஸ்காரர் ஒருவர், கன்வேயரைக் கழுவுகிற பழக்கத்தில், தோட்டத்து ஹோஸை ஜன்னல் வழியாக இழுத்து வந்து படுக்கையறை ஏசியைப் பீய்ச்சிக் கழுவினார். மெயினை ஆஃப் செய்துவிட்டுத்தான் கழுவினார், அதையும் சொல்லிவிட வேண்டும். ஏசிக்குள் இருக்கிற எலக்ட்ரானிக் போர்டும் நனைந்தது, கீழே இருந்த மெத்தையும் நனைந்தது. நான் போனபோது மெத்தை மொட்டைமாடியில் காய்ந்துகொண்டிருந்தது. அவருடைய மனைவி எனக்குக் காபி கொடுத்தார், அவருக்குக் கொடுக்கவில்லை. "லூர்து, நல்லா க்ளீன் ஆயிடுச்சு. ஆனா ஓட மாட்டேங்குது" என்றார் மனுஷர், ஏதோ ஏசி அவரிடம் நன்றி இல்லாமல் நடந்துகொண்ட மாதிரி.

இன்னொருவர் ஏசி ஓடுகிற அறையிலேயே ஏர்கூலரையும் வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு, இரண்டையும் சேர்த்து ஓட்டினார். இரண்டு யூனிட் ஒன்றாக ஓடினால் ஆளுக்குப் பாதி லோடு என்பது அவருடைய பவர் ஹவுஸ் கணக்கு. கூலர் அறைக்குள் ஈரத்தைக் கொட்டியது. ஏசி பாவம், அந்த ஈரத்தை அள்ளி வெளியே தள்ளியே களைத்துப் போனது. சுவரில் பூசணம் பிடித்ததுதான் மிச்சம். நான் கூலரை மட்டும் தூக்கி வராந்தாவில் வைத்தேன். வேறு எதையும் தொடவில்லை. அறை ஜில்லென்று ஆனதும் என்னை மந்திரவாதியைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

இந்த மாதிரிக் கதைகள் என்னிடம் மூட்டை மூட்டையாக இருக்கின்றன. சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் இவர்களிடம் ஒரு விஷயத்தை நான் கவனித்து வைத்திருந்தேன். பிளான்ட்டில் இவர்கள் லைன் கிளியர் வாங்காமல் ஒரு நட்டைக்கூடத் தொடமாட்டார்கள். கரண்ட்டையும் நீராவியையும் நிறுத்தியாயிற்று என்று பொறுப்பானவர் கையெழுத்துப் போட்டு, சுவிட்சில் சிவப்பு அட்டையும் தொங்கவிட்ட பிறகுதான் வேலை. அதைத்தான் லைன் கிளியர் என்பார்கள். அந்த அட்டை தொங்கினால் எவ்வளவு பெரிய ஆபீசராக இருந்தாலும் கை வைக்க மாட்டார். அதே மனுஷர் வீட்டுக்கு வந்து லுங்கியைக் கட்டினதும் எல்லாம் மறந்துவிடும். யூனிபார்மோடு சேர்த்து அந்த பயத்தையும் ஆணியில் மாட்டிவிடுவாரோ என்னவோ. பாய்லர் தனசேகரன் சார் வீட்டு விஷயத்தை உங்களுக்குச் சொல்வது இதற்காகத்தான்.

தனசேகரன் சாருக்குச் சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து பாய்லர் மெயின்டனன்ஸ்தான். ரிட்டையர் ஆக அதிக நாள் இல்லை. வால்வு விஷயத்தில் பெரிய கை. எந்த வால்விலாவது ஒரு சொட்டு கசிந்தால் அவருக்குச் சோறு இறங்காது என்று கூட வேலை பார்த்தவர்களே கேலி செய்வார்கள். இரண்டாயிரத்துப் பத்துகளின் நடுவில், ஒரு கத்திரி வெயில் காலத்தில் அவரிடமிருந்து போன் வந்தது.

"லூர்து, ஏசி கூலாகல. நான் எல்லாம் செக் பண்ணிட்டேன். கேஸ்தான் கம்மி. வந்து போட்டுட்டுப் போயிடு."

"ஏன் சார், டாக்டர்கிட்ட போனா ஊசி பேரும் நீங்களேதான் சொல்லுவீங்களா?"

"வெளையாடாத. கவிதா பிரசவத்துக்கு வந்திருக்கு. குழந்தை பொறந்து வீட்டுக்கு வந்தாச்சு. வெயில் தாங்காம அது கத்துது."

டவுன்ஷிப்பை ஒட்டி நான் இருக்கிற வடக்குத்திலிருந்து அவருடைய குவார்ட்டர்ஸுக்கு வண்டியில் போக அதிக நேரம் ஆகாது. உடனே கிளம்பினேன். போனால், வீட்டுக்குள் ஏற்கெனவே ஒரு பட்டிமன்றம் நடந்துகொண்டிருந்தது. அவருடைய மகள் கவிதாவுக்கு ஆபரேஷன் செய்துதான் குழந்தை எடுத்திருந்தார்கள். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில், பாத்ரூம் சுவரை ஒட்டி, தூளியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அவளுடைய அம்மா ராஜேஸ்வரி அம்மா தலைமாட்டில் நின்று பேசிக்கொண்டிருந்தார்.

"பச்சை உடம்புக்காரிக்கு ஏசியாம்! நீங்களே சொல்லுங்க தம்பி, எந்த ஊர்லயாவது உண்டா?"

"அம்மா, வெளிய அனல் அடிக்குது. நீ எனக்கு ஆவி பறக்கப் பறக்கத் தண்ணி ஊத்துற. நான் என்ன இட்லியா?" என்றாள் கவிதா.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள், ஒரே வீட்டில் உச்சி வெயிலில் ஏசியும் வேண்டும், கீசரும் வேண்டும். பிள்ளை பெற்ற வீட்டில் இது நியாயம்தான். அம்மா கேட்டதற்காக கீசர், மகள் கேட்டதற்காக ஏசி என்று இரண்டு பக்கமும் ஓடிக்கொண்டிருந்தவர் தனசேகரன் சார். அன்று அவருக்கு வீக்லி ஆஃப். ஆஃபில் இருக்கிற மனுஷருடைய முகமாக அது தெரியவில்லை.

ஏசியின் வெளி யூனிட் வீட்டுக்குப் பின்பக்கம், பாத்ரூம் வென்டிலேட்டருக்குக் கீழே இருந்தது. போய்ப் பார்த்து அசந்துவிட்டேன். கோணிச் சாக்கைச் சுற்றிலும் இழுத்துக் கட்டி, மேலே கொசுவலையையும் போட்டு, நைலான் கயிற்றால் முடிச்சு முடிச்சாகப் போட்டிருந்தார்.

"பிளான்ட் சாம்பல் உள்ள போகக் கூடாதுல்ல? ஃபில்டர் போட்டிருக்கேன்" என்றார் பெருமையாக.

"சாம்பல் போகல சார். காத்தும் போகல. மூக்கையும் வாயையும் பொத்திகினு ஓடுன்னா, அது எப்படி சார் ஓடும்? கேஸெல்லாம் நல்லாதான் இருக்கும். கோணியை அவுத்தா போதும்."

முகம் கொஞ்சம் சுருங்கியது. பிறகு அவரே சிரித்துவிட்டார். நல்ல மனுஷர். நான் குத்துக்காலிட்டு உட்கார்ந்து முடிச்சுகளை அறுக்கத் தொடங்கினேன். அப்போதுதான் தலைக்கு மேலே வென்டிலேட்டர் வழியாக ஒரு சத்தம் கேட்டது. சரளைக் கல்லைத் தகர டப்பாவில் போட்டு மெதுவாக உருட்டுவது மாதிரி. நடுநடுவே சுவரில் 'டக், டக்' என்று ஒரு இடி.

"கீசர் ஓடுதா சார்?"

"ஓடுது. குழந்தைக்குத் தண்ணி ஊத்தணும்னு அப்பவே போட்டாங்க. நீ வந்த பேச்சுல மறந்திருப்பாங்க. ஓடட்டும், அதை நான் சூப்பரா பண்ணி வெச்சிருக்கேன்."

சூப்பராகப் பண்ணி வைத்திருக்கிறேன் என்று ஒருவர் சொன்னால், கையில் இருக்கிற வேலையை வைத்துவிட்டு, என்ன பண்ணினார் என்று கேளுங்கள். நானும் கேட்டேன். ஆசையாகச் சொன்னார்.

"தண்ணி உள்ள வர்ற இடத்துல ஒரு வால்வு இருக்குல்ல, அது எப்பப் பாத்தாலும் சொட்டுச்சு லூர்து. பாத்ரூம் தரை பூரா ஈரம். பொண்ணு ஆபரேஷன் உடம்பு, வழுக்கி விழுந்தா என்ன ஆகும்? ஒரு பிளக் போட்டு இறுக்கிட்டேன். இப்ப ஒரு சொட்டு வராது. அப்புறம் வீட்ல சூடு பத்தல, சூடு பத்தலன்னாங்க. தெர்மோஸ்டாட்டை டைரக்ட் பண்ணிட்டேன். கட்-அவுட் வேற அப்பப்ப விழுந்துச்சு. அதையும் சேத்து டைரக்ட்."

கையிலிருந்த கயிற்றை அப்படியே போட்டுவிட்டேன்.

வேலைக்குப் புதியவர்களுக்காக ஒரு வார்த்தை. தண்ணீர் போதுமான அளவு சூடானதும் கரண்ட்டை நிறுத்துவது தெர்மோஸ்டாட். அது ஏமாற்றினால் கட்-அவுட் நிறுத்தும். அதுவும் ஏமாற்றினால், உள்ளே ஏறுகிற அழுத்தத்தைச் சொட்டுச் சொட்டாக வெளியே விடுவது அந்த வால்வு. கீசர் தொட்டிக்கு இருந்தது இந்த மூன்று காவல்தான். முதல் இரண்டையும் தாண்டி நேர் ஒயர், மூன்றாவதுக்கு பிளக் என்று மூன்றுக்கும் அவர் லீவு கொடுத்துவிட்டார். தண்ணீர் கொதித்துக்கொண்டே இருக்கும், போக வழி இருக்காது. வால்வு கசிந்தால் சோறு இறங்காத மனுஷர், கசிவதற்காகவே வைத்திருக்கிற வால்வை அடைத்திருந்தார். வேறு ஊரில் ஒரு வாத்தியாரோ, கடைக்காரரோ இதைச் செய்திருக்கவே முடியாது. பிளக் போட்டு ஒரு சொட்டு வராமல் இறுக்குவதற்கு அவர்களுக்குக் கை வராது.

நான் எழுந்து நிற்பதற்குள் உள்ளேயிருந்து ராஜேஸ்வரி அம்மாவின் குரல் வந்தது. "என்னங்க! குழாயைத் திறந்தா தண்ணி வரல, புஸ்ஸுன்னு ஆவிதான் வருது! கையைச் சுட்டுடுச்சு!"

ஓடினோம். அவர் குழாயை மூடிவிட்டுப் பாத்ரூமுக்கு வெளியே வந்து கையை உதறிக்கொண்டிருந்தார். பெரிய காயம் இல்லை, சிவந்திருந்தது. தனசேகரன் சார் கையைப் பார்த்தார், கீசரைப் பார்த்தார், அலமாரிக்கு மேலிருந்து பைப் ரெஞ்சை எடுத்தார்.

"ஏர் லாக் ஆயிருக்கு. கனெக்ஷனை லேசா லூஸ் பண்ணி விட்டா சரியாயிடும்" என்று பாத்ரூமுக்குள் காலை வைத்தார்.

அந்த நிமிஷத்தைப் பற்றி நான் பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். அவர் ரெஞ்சைப் போட்டுத் திருகியிருந்தால், உள்ளே அடைபட்டிருந்த கொதிநீர் அத்தனையும் அவர் முகத்துக்கு நேராக வந்திருக்கும். கையைப் பிடித்து இழுக்கலாம். என்னைவிட வாட்டசாட்டமான ஆள், உதறிவிட்டுப் போயிருப்பார். விளக்கிச் சொல்லலாம், முதல் வாக்கியம் முடிவதற்குள் திருகியிருப்பார். கத்தலாம், அவருடைய வீட்டில், அவருடைய மனைவிக்கும் மகளுக்கும் முன்னால் ஒரு ஏசிக்காரன் கத்தினால் ரோஷம்தான் வரும். எனக்கும் முன்கோபம் உண்டு, வாயில் வந்ததைச் சொல்லிவிடுகிற ஆள்தான். அன்று என்னவோ சரியான கேள்வி வாயில் வந்தது.

"சார், சேஃப்டி வால்வை அடைச்சு வெச்சிகினு பாய்லரை ஏத்துவீங்களா?"

அப்படியே நின்றுவிட்டார். உள்ளே வைத்த கால் உள்ளேயே இருந்தது. தலையை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தார். பிறகு கீசரைப் பார்த்தார். அந்தப் பார்வையில், சுவரில் தொங்குகிற வெள்ளை டப்பா அவருக்கு முதல்முறையாகப் பாய்லராகத் தெரிந்தது. முகம் வெளிறிப்போனதைக் கண்ணால் பார்த்தேன். காலைப் பின்னால் எடுத்தார். ரெஞ்சைச் சத்தமில்லாமல் தரையில் வைத்தார்.

"டிரிப் பண்ணு" என்றார், பிளான்ட்டில் கரண்ட்டை நிறுத்தச் சொல்கிற அதே வார்த்தையில்.

அதற்குப் பிறகு அவருக்கு நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கீசர் சுவிட்ச் கீசருக்கு நேர் கீழே இருந்தது. அதன் பக்கம் யாரும் போகக் கூடாது. நான் முன்வராந்தாவுக்கு ஓடி மெயினையே இறக்கினேன். அவர் மகளின் அறைக்குப் போனார்.

"கவிதா, எழுந்திரும்மா. வெளிய போகணும்."

"இப்பதான்பா தூங்குச்சு..."

"எழுந்திரு. கேள்வியெல்லாம் அப்புறம்."

தூளிக்கும் கீசருக்கும் நடுவில் இருந்தது ஒரே ஒரு சுவர். அவர் குழந்தையைத் தூளியிலிருந்து எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். கவிதா தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் சுவரைத் தடவித் தடவி நடந்தாள். அவளால் வேகமாக நடக்க முடியவில்லை, எங்களால் அவசரப்படுத்தவும் முடியவில்லை. கூடத்தைத் தாண்டுவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. ராஜேஸ்வரி அம்மா வாசல்வரை வந்துவிட்டு, "குழந்தை துணியெல்லாம் உள்ள இருக்கே" என்று திரும்பினார். தனசேகரன் சார் வழியை மறித்து நின்றார். அவ்வளவுதான், அந்த அம்மா வெளியே வந்துவிட்டார். பக்கத்து போர்ஷனும் பாத்ரூமின் மறுபக்கச் சுவரை ஒட்டித்தான் என்பதால், அந்த வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டு வெளியே வரச் சொன்னோம். எதிர் வரிசை வீட்டு அம்மா கவிதாவுக்கு வீதியோர வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டுக் கொடுத்தார். குழந்தை இப்போது கவிதாவின் மடிக்குப் போய்விட்டது, விழித்துக்கொண்டு ஊருக்கே கேட்கிற மாதிரி அழுதது.

கரண்ட்டை எடுத்தாயிற்று, ஆட்களை வெளியே கொண்டுவந்தாயிற்று. இனி நாம் செய்ய வேண்டியது என்ன? ஒன்றும் இல்லை. தொட்டி தானாக ஆறும்வரை சும்மா இருக்க வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது அல்லவா? நெய்வேலியில் சும்மா இருந்து பாருங்கள்.

வீதியில் குழந்தை அழுகிற சத்தம் கேட்டதும் கதவுகள் திறந்தன. ஆஃபில் இருந்தவர்கள், நைட் ஷிப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் வந்துவிட்டார்கள். என்ன விஷயம் என்று கேட்டார்கள், சொன்னேன். அடுத்த நொடி, வேப்பமரத்தடி ஒரு கான்ஃபரன்ஸ் ஹால் ஆகிவிட்டது.

"ஹாட் வாட்டர் குழாயைத் திறந்துவிட்டா பிரஷர் இறங்கிடும். நான் போயி திறந்துட்டு வர்றேன்" என்றார் ஒரு டர்பைன்காரர்.

"உள்ள போக வேணாம். வென்டிலேட்டர் வழியா நீளமா ஒரு கம்பியை விட்டுக் குழாயைத் திருப்பலாம். எங்க மைன்ஸ்ல இதவிட மோசமானதெல்லாம் பாத்திருக்கோம்" என்றார் வேறொரு மைன்ஸ்காரர். அவர் வீட்டிலிருந்து கம்பி எடுத்துவர ஒரு பையன் கிளம்பியேவிட்டான்.

"தொட்டி மேல ரெண்டு பக்கெட் பச்சைத் தண்ணி ஊத்துனா போதுமே" என்றார் பின்னாலிருந்து இன்னொருவர்.

"மெயின் ஆஃப் ஆனா மட்டும் போதுமா? ரிட்டர்ன் கரண்ட் எங்கயாவது இருக்கலாம். டெஸ்டர் வெச்சு ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேன்" என்று செருப்பைக் கழற்றினார் ஒரு எலக்ட்ரிக்கல்காரர். அவர் சட்டைப் பையில் டெஸ்டர் இருந்தது. தூங்கும்போதும் அது பையிலேயே இருக்கும் போல.

ஒருவர்கூட முட்டாள் இல்லை. எல்லோரும் வேலை தெரிந்தவர்கள், எல்லோரும் உதவ நினைத்தவர்கள், ஒருவருக்கும் பயம் இல்லை. பயமில்லாதவர்களைத் தடுப்பதுதான் பெரிய பாடு. நான் காம்பவுண்ட் கேட்டுக்குக் குறுக்கே நின்றுகொண்டேன். "வேணாம் சார், போகாதீங்க சார், ஆறட்டும் சார்" என்று கெஞ்சினேன். ஒரு காண்ட்ராக்ட் ஏசிக்காரனின் பேச்சை அவர்கள் ஏன் கேட்க வேண்டும்? "நீ தள்ளு லூர்து, ஒரு நிமிஷம்" என்று எலக்ட்ரிக்கல்காரர் என் தோளில் கை வைத்து ஒதுக்கினார். கேட்டுக்குள் போய்விட்டார்.

தனசேகரன் சார் அதுவரை மகளின் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தார். அவர்தான் இதைச் செய்தவர் என்று வீதிக்கே தெரிந்துவிட்டது. அவர் இடத்தில் இருந்திருந்தால் நானும் தலையைக் குனிந்துகொண்டுதான் நின்றிருப்பேன். திடீரென்று அவர் எதிர்வீட்டுக் கொடியில் காய்ந்த ஒரு சிவப்புத் துண்டை உருவினார். நேராக வந்து, எலக்ட்ரிக்கல்காரரின் கையைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டு, கேட்டைச் சாத்தினார். துண்டைக் கேட்டின் கம்பியில் முறுக்கிக் கட்டினார்.

"லைன் கிளியர் என் பேர்ல இருக்கு" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. "நான் திரும்பக் குடுக்கிற வரைக்கும் ஒருத்தரும் உள்ள போகக் கூடாது."

நீங்கள் நம்பமாட்டீர்கள். நான் அத்தனை நேரம் தொண்டை கிழியக் கெஞ்சியும் நகராத கூட்டம், அந்தத் துண்டைப் பார்த்ததும் பின்வாங்கியது. டர்பைன்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். கம்பி எடுக்கப் போன பையனைத் திருப்பிக் கூப்பிட்டார் மைன்ஸ்காரர். எலக்ட்ரிக்கல்காரர், கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு, "கரெக்ட் சார்" என்றார். எனக்கு அந்தக் கூட்டத்தின்மேல் இருந்த எரிச்சலெல்லாம் போய், ஒரு மரியாதை வந்தது. இவர்கள் எல்லோரும் இத்தனை வருஷம் கை கால் முழுசாக வீட்டுக்கு வந்ததற்குக் காரணம் இந்தப் பழக்கம்தான்.

கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். வீட்டுக்குள்ளிருந்து 'டொம்' என்று ஒரு சத்தம். அதைத் தொடர்ந்து சீறல். பாத்ரூம் வென்டிலேட்டரிலிருந்து வெள்ளையாக ஆவி பீய்ச்சிக்கொண்டு வந்தது. குழந்தைகூட அழுகையை நிறுத்திவிட்டது. எலக்ட்ரிக்கல்காரர் வீதியோரக் கல்வெர்ட்டுத் திண்டில் போய் உட்கார்ந்தார். யாரோ அவருக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு யாரும் யோசனை சொல்லவில்லை.

சீறல் நின்றும் நாங்கள் போகவில்லை. வெயில் தணிந்து, வென்டிலேட்டரில் ஆவி வருவது சுத்தமாக நின்று, பின்பக்கச் சுவரைத் தொட்டுப் பார்த்து, அது சாதாரணச் சுவராக ஆன பிறகுதான் அவரும் நானும் உள்ளே போனோம்.

கீசரிலிருந்து குழாய்க்கு வருகிற இணைப்பு ஹோஸ்தான் சூடு தாங்காமல் பிய்த்துக்கொண்டு போயிருந்தது. நல்ல காலம், தொட்டி நின்றுவிட்டது. தொட்டி போயிருந்தால் அந்தச் சுவர் இருந்திருக்காது. பிய்ந்த ஹோஸ், உள்ளே இருந்த கொதிநீரையெல்லாம் நேர் கீழே கொட்டியிருந்தது. கீழே ஒரு மரப்பலகை இருந்தது. ராஜேஸ்வரி அம்மா அதில்தான் உட்கார்ந்து, இரண்டு காலையும் நீட்டி, குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுவார். பலகைக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பு. வெந்நீர் பட்டு அது ஒரு பக்கமாக இளகி, தொய்ந்து, மடங்கிப் போயிருந்தது. அந்த அம்மா குழாயைத் திறந்தபோது ஆவி சீறாமல் கொஞ்சம் தண்ணீர் வந்திருந்தால், குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து அந்தப் பலகையில் உட்கார்ந்திருப்பார்.

தனசேகரன் சார் அந்த டப்பைக் கையில் எடுத்தார். மடங்கின இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். எனக்கு அவரைத் திட்ட வேண்டும் என்று நெஞ்சு முட்டியது. 'பிளான்ட்டில் ஒரு புத்தி, வீட்டில் ஒரு புத்தியா சார்?' என்று கேட்கத் தயாராகவே இருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் அதை விட்டுவிட்டு, பிய்ந்த ஹோஸைக் கழற்றத் தொடங்கினேன்.

இதைத்தான் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். வீட்டுக்குள் கீசரையும் ஏசியையும் தானே நோண்டி வைக்கிறவர்களை நாம் நமக்குள் கேலி செய்கிறோம். செய்யுங்கள், நானும் செய்திருக்கிறேன். ஆனால் அவர் வாயிலிருந்து, என்ன செய்தார் என்பது முழுதாக வெளியே வரும்வரை கேலி வேண்டாம். நான் கோணிக்காகக் கிண்டல் செய்தபோது அவர் கோபித்துக்கொண்டிருந்தால், கீசரைப் பற்றி வாயே திறந்திருக்க மாட்டார். நானும் முடிச்சை அறுத்துவிட்டு, பணத்தை வாங்கிக்கொண்டு வண்டியைக் கிளப்பியிருப்பேன். அவர் சிரித்தார், சொன்னார், ஒரு குடும்பம் பிழைத்தது. உங்கள் முன்னால் தன் தப்பைச் சொல்வதற்கு யாரும் கூச்சப்படக் கூடாது. அப்படி நடந்துகொள்ளுங்கள்.

நாங்கள் வெளியே வந்தோம். அவர் கேட்டில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, வீதியில் நின்றவர்களைப் பார்த்து, "முடிஞ்சிடுச்சு" என்றார். எல்லோரும் கலைந்து போனார்கள். ஒருவரும் ஒரு குத்தல் வார்த்தை பேசவில்லை. ராஜேஸ்வரி அம்மா மட்டும் வேப்பமரத்தில் சாய்ந்து, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதார்.

கவிதா அப்பாவைப் பார்த்தாள். "ஏம்பா அதை அடைச்சீங்க?" என்று கேட்டாள். குரலில் கோபம் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"தரை ஈரமா இருந்துச்சும்மா. நீ வழுக்கிடுவியோன்னு..." அவர் கல்வெர்ட்டில் உட்கார்ந்துவிட்டார்.

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தாள், அவரிடம் வந்தாள், குழந்தையை நீட்டினாள். அவர் இரண்டு கையையும் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"வேணாம்மா. கை நடுங்குது. போட்டுடுவேன்."

"கைதானப்பா நடுங்குது" என்று சொல்லி, அவள் குழந்தையை அவர் மடியில் படுக்க வைத்தாள்.